மூன்று விசிலும் ஒரு மிக்ஸியும்

டெக்சஸ் மாநிலத்துப் பேர்லேண்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கார் ரிமோட்டை அழுத்தினால் கராஜ் கதவு ஒழுங்காகத் திறக்கிறது. காரைப் பின்னால் எடுத்து, டிரைவ்வே முனையில் நிறுத்தி மறுபடி அழுத்தினால் மூட மறுக்கிறது. இறங்கிப் போய்ச் சுவரிலிருக்கும் பட்டனைத் தட்டினால் மூடுகிறது. கைபேசிச் செயலியில் சொன்னாலும் மூடுகிறது. மாலையில் திரும்பி வரும்போது, காலையில் அடம்பிடித்த அதே இடத்தில் நின்று அழுத்தினால் உடனே திறக்கிறது. பேட்டரி மாற்றியாயிற்று, புது ரிமோட்டும் வாங்கியாயிற்று. பழுதுபார்க்க வந்தவர் போர்டு போய்விட்டது, ஓப்பனரையே மாற்றுங்கள் என்கிறார். வாட்ஸப் குழுவோ 5ஜி கோபுரம், சூரியப் புயல், பக்கத்தில் இருக்கும் நாசா என்று மூன்று குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

நாசாவை முதலில் விடுதலை செய்துவிடுவோம். ஜான்சன் விண்வெளி மையம் பேர்லேண்டுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் காலையில் மட்டும், அதுவும் கதவு திறந்த பிறகு மட்டும் ஒரு கராஜைத் தொந்தரவு செய்ய அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. போர்டும் போகவில்லை. கெட்டுப்போன போர்டு காலை மாலை பார்க்காது.

அடுத்து வழக்கமான சந்தேகங்கள். சுவர்ப் பலகையில் 'லாக்' பொத்தானைக் கைதவறி அமுக்கியிருந்தால் ஓப்பனர் எல்லா ரிமோட்டையும் ஒதுக்கிவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்காக வைத்த வசதி அது. ஆனால் இவர் வீட்டில் ரிமோட்டுக்குக் கதவு திறக்கிறது, எனவே லாக் இல்லை. கதவின் இரு பக்கமும் தரைக்கு அருகில் இருக்கும் பாதுகாப்புக் கண் மறைந்திருந்தாலும் கதவு மூடாது. 1993 முதல் அமெரிக்காவில் விற்கும் வீட்டு ஓப்பனர்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கட்டாயம். சாய்ந்த வெயில் நேராக அடித்தால்கூட அந்தக் கண் கூசிப்போகும். ஆனால் அப்படியானால் ஓப்பனரின் விளக்கு மினுக்கிக் காட்டும், சுவர்ப் பட்டனையும் விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் கதவு இறங்கும். இவர் வீட்டில் தட்டினாலே மூடுகிறது. பேட்டரி பலவீனம் என்றால் மாலையில் அதே தூரத்திலிருந்து, அதுவும் மூடியிருக்கும் உலோகக் கதவைத் தாண்டி, சிக்னல் உள்ளே போயிருக்க முடியாது.

ஆக, ஒரே இடம், ஒரே ரிமோட், ஒரே தூரம். மாலையில் கேட்கும் காது காலையில் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்று. காலையில் கதவு திறந்ததும் ஓப்பனரின் விளக்கு எரிய ஆரம்பித்திருக்கிறது. மாலையில் கதவு மூடியிருக்கும்போது அது அணைந்திருக்கிறது. அந்த விளக்கில் இருப்பது, மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மாட்டிய எல்இடி பல்பு.

மௌனமும் செய்திதான்

ஒரு பல்பு எப்படி ரேடியோவைச் செவிடாக்கும்? பல்பின் சத்தம் ரிமோட்டின் சத்தத்தை அமுக்கிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. உண்மையில் நடப்பது அதைவிட அழகானது.

கராஜ் ரிமோட், பழைய கார்ச் சாவி, மின்விசிறி ரிமோட், மலிவான வயர்லெஸ் காலிங் பெல் எல்லாம் அநேகமாக ஒரே பாஷை பேசுகின்றன. அலையைப் போடு, நிறுத்து, போடு, நிறுத்து. அவ்வளவுதான். போட்டிருக்கும் நேரமும் நிறுத்தியிருக்கும் நேரமும் சேர்ந்துதான் எழுத்து. இந்தத் தொழிலில் பல காலமாகப் புழங்கும் கீலாக் வகைச் சில்லு ஒன்றின் கணக்கைப் பாருங்கள். அடிப்படை அலகு 0.4 மில்லிவிநாடி. ஓர் அலகு அலை, இரண்டு அலகு மௌனம் என்றால் 1. இரண்டு அலகு அலை, ஓர் அலகு மௌனம் என்றால் 0. இப்படி 66 எழுத்துகள். அதற்கு முன்னால் ரிசீவரை எழுப்புவதற்கு ஒரு தட்டல் வரிசை, அதன் பிறகு முழுசாக 4 மில்லிவிநாடி மௌனம். 'இதோ ஆரம்பிக்கிறேன்' என்று அந்தச் சில்லு மௌனத்தால்தான் சொல்கிறது.

வீட்டில் இதை எல்லோரும் செய்திருக்கிறோம். அம்மா ஹாலில் உட்கார்ந்துகொண்டு சமையலறைக் குக்கரின் விசிலை எண்ணுகிறார். மூன்றாவது விசிலில் அடுப்பை அணைக்க வேண்டும். அவர் எண்ணுவது விசிலை என்று நினைக்கிறோம். இல்லை, விசிலுக்கும் விசிலுக்கும் நடுவிலுள்ள அமைதியை வைத்துத்தான் கணக்கு. அமைதி இல்லாவிட்டால் மூன்று விசில் என்பது ஒரு நீண்ட விசில். இப்போது யாரோ மிக்ஸியில் சட்னி அரைக்க ஆரம்பிக்கிறார்கள். மிக்ஸி குக்கரைவிடச் சத்தமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இடைவெளிகளை நிரப்பினால் போதும், கணக்கு போச்சு.

ரிசீவரின் உள்ளே இது இன்னும் கறாராக நடக்கிறது. அங்கே இரண்டு வேலைகள். முதலாவது, காதின் கூர்மையைத் தானாகக் கூட்டிக் குறைப்பது. தூரத்து ரிமோட்டுக்குக் காதைத் தீட்ட வேண்டும், பக்கத்து ரிமோட்டுக்குக் கொஞ்சம் பொத்திக்கொள்ள வேண்டும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் ரிசீவர் அதையும் பக்கத்து ரிமோட் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொள்கிறது. இரண்டாவது, எது விசில், எது அமைதி என்று கோடு போடுவது. மலிவான ரிசீவர், சற்று முன்புவரை கேட்ட சத்தத்தின் சராசரியில் கோடு போடும். கோட்டுக்கு மேலே போனால் 'இருக்கிறது', கீழே போனால் 'இல்லை'. மிக்ஸி ஓடினால் சராசரி ஏறும், கோடும் ஏறும். குக்கர் பழைய பலத்தோடுதான் கத்துகிறது. ஆனால் மேலேறிய கோட்டுக்கும் விசிலுக்கும் நடுவே இடமே இல்லை.

ரிமோட்டில் பிழை இல்லை, சிக்னலும் வந்து சேர்கிறது. சிக்னலின் நடுவே இருக்க வேண்டிய வெற்றிடம்தான் வரவில்லை. அதனால்தான் புது ரிமோட் வாங்கியும் பயனில்லை.

சட்டத்தை மதிக்கும் பல்பு

எல்இடி பல்பின் கழுத்துக்குள் ஒரு குட்டி மின்சாதனம் ஒளிந்திருக்கிறது. வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ற மின்னோட்டமாக மாற்றுவது அதன் வேலை. செலவில்லாமல் மாற்றுவதற்கு ஒரே வழி, மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை, சமயத்தில் லட்சக்கணக்கான முறை, வெட்டி வெட்டிக் கொடுப்பது. வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு மின்சாரம் மிச்சம். கூர்மையான வெட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தன் அதிர்வெண்ணோடு நிற்காது. இரட்டிப்பு, மும்மடங்கு என்று மடங்குகளாக நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை சிதறும். அமெரிக்கக் கராஜ் ரிமோட்டுகள் குடியிருக்கும் 310, 315, 390 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் அந்தச் சிதறலின் வழியில்தான் இருக்கின்றன. சிதறலை அடக்க ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் போதும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பாகங்கள் அவை. சில்லறைக் காசு மிச்சம் பிடிப்பதில்தான் பல்பு வியாபாரமே நடக்கிறது.

அப்படியென்றால் சட்டத்தை மீறிய பல்பாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இல்லை. காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சுவாரஸ்யமான விடை வருகிறது.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிகளில் 15ஆவது பகுதி, உரிமம் இல்லாத சாதனங்களுக்கானது. 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 6,040 மைக்ரோவோல்ட் வரை அலை வீசலாம். ரேடியோ வேலையே இல்லாமல் சும்மா இரைச்சல் போடும் வீட்டுச் சாதனங்களுக்கு, அதே அலைவரிசைப் பகுதியில், அதே 3 மீட்டரில் 200 மைக்ரோவோல்ட்தான் உச்ச வரம்பு. முப்பதில் ஒரு பங்கு. நியாயமான சட்டம் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஓப்பனரின் பல்பு 3 மீட்டரில் இல்லை. ஓப்பனரிலிருந்து தொங்குகிற ஆண்டெனா வயரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரம் பன்னிரண்டில் ஒரு பங்கு, எனவே அலையின் வலு பன்னிரண்டு மடங்கு: 2,400 மைக்ரோவோல்ட். ரிமோட் டிரைவ்வே முனையில், 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அதன் வலு சுமார் 1,800 ஆகக் குறைந்துவிடுகிறது. சட்டத்தை மதிக்கும் ரிமோட்டைச் சட்டத்தை மதிக்கும் பல்பு ஜெயித்துவிட்டது! இரண்டும் சமமாகும் இடம் ஏழரை மீட்டர், அதாவது சுமார் 25 அடி. டெக்சஸ் புறநகரில் பல டிரைவ்வேக்கள் முடியும் இடம் கிட்டத்தட்ட அதுதான்.

ஆண்டெனாவுக்கு இவ்வளவு நெருக்கத்தில் இந்தச் சூத்திரம் குத்துமதிப்பானது. நல்ல பல்பு வரம்புக்கு ரொம்பக் கீழே இருக்கும், மட்டமான பல்பு மேலேயும் போகும். ஆனாலும் வாசகரின் புதிர் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. காலையில் காருக்குள்ளிருந்து கதவைத் திறக்கும்போது பல்பு எரியவில்லை, ரிமோட்டும் பக்கத்தில் இருக்கிறது: கேட்கிறது. முனையிலிருந்து மூடும்போது பல்பு எரிகிறது, ரிமோட் தூரத்தில்: கேட்கவில்லை. மாலையில் முனையிலிருந்து திறக்கும்போது ரிமோட் தூரத்தில்தான், ஆனால் பல்பு அணைந்திருக்கிறது: கேட்கிறது.

சோதித்துப் பார்க்க ஏணிகூட வேண்டாம். பல ஓப்பனர்களில் விளக்கு நாலரை நிமிடம் எரிந்து தானாக அணையும். காலையில் முனையில் காரை நிறுத்தி, விளக்கு அணையும்வரை காத்திருந்து, அதே இடத்திலிருந்து அழுத்துங்கள். மூடினால் குற்றவாளி கையோடு சிக்கிவிட்டார்.

ஓஹையோவில் நடந்தது

இது ஒரு வீட்டுப் பிரச்சினையாக நிற்காமல் ஒரு தெருவுக்கே வந்ததும் உண்டு. 2019 ஏப்ரல் கடைசியில், ஓஹையோ மாநிலத்தில் க்ளீவ்லண்டுக்குப் பக்கத்திலுள்ள நார்த் ஓம்ஸ்டெட் ஊரில், ஒரு வட்டாரத்து வீடுகளில் கார்ச் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வேலை செய்யாமல் போயின. தெருவைத் தாண்டிப் போனால் அதே சாவி வேலை செய்தது. அங்கேயும் நாசாவின் மையம் ஒன்று, க்ளென் ஆய்வு மையம், அருகில்தான் இருக்கிறது. வதந்திக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தது. இரைச்சல் நிற்கவில்லை. கடைசியில் மே மாதத் தொடக்கத்தில் 315 மெகாஹெர்ட்ஸ் கருவிகளோடு வீடு வீடாகத் தேடியபோது கிடைத்தது ஒரு சாதுவான குற்றவாளி. அடித்தளத்தில் வேலை செய்யும்போது மாடியில் யாராவது நடமாடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒருவர் தானே செய்துகொண்ட கருவி. பேட்டரியில் ஓடியதால் மின்வெட்டு அதைத் தொடவில்லை. விடாமல் அலை வீசிக்கொண்டிருந்தது. தான் ஊரையே பூட்டிவைத்திருப்பது அவருக்கே தெரியாது.

அந்தக் கருவி ராட்சத பலத்தில் கத்தவில்லை. நிறுத்தாமல் கத்தியது, அவ்வளவுதான். மௌனம் தேவைப்படும் ஒரு பாஷையை முடக்க நிறுத்தாத ஒரு முனகல் போதும்.

அதற்கு முன்னால், 2004இல் ஃப்ளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் கராஜ் ரிமோட்டுகள் அடங்கிப் போயின. ராணுவம் தனக்குச் சொந்தமான 380 முதல் 400 வரையிலான மெகாஹெர்ட்ஸ் பகுதியில் புது வயர்லெஸ் அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தது. 390இல் வாழ்ந்த ரிமோட்டுகள் அத்தனை காலமும் ராணுவத்தின் திண்ணையில் படுத்திருந்தன என்பது அப்போதுதான் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. வீட்டுக்காரர்கள் தோற்றார்கள். தோற்றே ஆக வேண்டும். 15ஆவது பகுதியின் சாரமே அதுதான்: உரிமம் இல்லாத சாதனம் யாருக்கும் தொல்லை தரக்கூடாது, யார் தரும் தொல்லையையும் வாய்மூடிச் சகித்துக்கொள்ள வேண்டும். உங்கள் ரிமோட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இது அச்சாகியிருக்கும். அதற்குப் பிறகு வந்த சில ஓப்பனர்கள் 310, 315, 390 மூன்றிலும் மாறி மாறிச் சொல்லிப் பார்க்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் பல்பின் இரைச்சல் மூன்றிலும் ஒருசேரப் பரவும்.

வரலாறு சொல்லாமல் விட்டால் கடிதம் வரும் என்பதால் ஒரு பத்தி. 1898இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு பொம்மைப் படகை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார். 1922இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் காப்புரிமை பெற்ற ஒருவகை ரிசீவர், ஒரே டிரான்சிஸ்டரில் முடிந்துவிடும் அளவுக்கு மலிவாக இருந்ததால் மலிவுக் கருவிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் காது அகலமானது, வேண்டியது வேண்டாதது எல்லாம் கேட்கும். 1975இல் ஸ்காட்லாந்தின் க்ளென்ராத்தஸில் பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் எக்ஸ்10 என்ற வீட்டுத் தானியங்கி முறையை உருவாக்கியது. 1978 முதல் அமெரிக்கக் கடைகளில் விற்றது. அதன் ரேடியோ ரிமோட் 310 மெகாஹெர்ட்ஸில் சொல்லும். சுவரில் செருகிய பெட்டி அதைக் கேட்டு, வீட்டு மின்கம்பி வழியாக 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பாக அனுப்பும். மொத்தம் 256 விலாசங்கள். விளக்கைப் போடு என்று சொல்லி முடிக்க முக்கால் விநாடிக்கு மேல் ஆகும்.

இந்தப் பத்தியோடு எக்ஸ்10ஐ விட மனமில்லை. ஏனென்றால் அதைச் செய்தவர்களுக்கு மௌனத்தின் அருமை தெரிந்திருந்தது. அமெரிக்க மாறுமின்னோட்டம் விநாடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொட்டுக் கடக்கும். அந்தக் கணத்தில்தான் மின்கம்பியில் மற்ற சாதனங்களின் கூச்சல் குறைவு. அங்கே பார்த்து ஒரு மில்லிவிநாடித் துடிப்பை நுழைத்தார்கள். துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. செய்தியின் தொடக்க அடையாளம் 1110. மூன்று விசில், ஓர் அமைதி! அம்மாவின் கணக்கேதான். பழைய எக்ஸ்10 வைத்திருப்பவர்கள் இன்று படும் பாட்டுக்கும் காரணம் அதேதான். டிவி, மடிக்கணினி அடாப்டர், எல்இடி என்று வெட்டி வெட்டி மின்சாரம் குடிக்கும் கூட்டம் பெருகி, அந்தப் பூஜ்யத்தின் அமைதியும் போய்விட்டது.

கேளாமை ஒரு கொள்கை

இரைச்சலில் சிக்கிய ரிசீவர் ஏன் தாறுமாறாக நடந்துகொள்வதில்லை? பாதிக் கதவைத் திறப்பது, நடு ராத்திரியில் தானாகத் திறப்பது என்றெல்லாம் ஏன் இல்லை? ஏனென்றால் சந்தேகம் வந்தால் கேட்காத மாதிரி இருந்துவிடு என்றுதான் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்10 ரிமோட் ஒவ்வொரு எட்டு எழுத்தையும் ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் அனுப்பும். இரண்டும் பொருந்தவில்லையென்றால் பெட்டி அசையாது. புதிய ரிமோட்டுகளில் கறார் இன்னும் அதிகம்.

குக்கருக்கே திரும்புவோம். அடுப்பை அணைப்பதற்குப் பதிலாக விசிலைக் கேட்டு வாசல் கதவைத் திறக்கும் அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் விசிலைப் பதிவு செய்து, நாளை போட்டுக் காட்டிக் கதவைத் திறக்கவைக்கலாம். எனவே குக்கரும் அம்மாவும் ஒரு ரகசிய ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் ஓர் எண். எண் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும். அந்த எண்ணை ரகசியச் சாவியால் கலக்கி, இன்றைய ராகம் நாளை வராதபடி குக்கர் விசிலடிக்கும். அம்மா கடைசியாகக் கேட்ட எண்ணைக் குறித்துவைத்திருப்பார். அதற்கு அடுத்த பதினாறு எண்களுக்குள் வந்தால் சரி, திறப்பார். பழைய எண் வந்தால் அது திருடன். குழந்தை குக்கரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய் ஐம்பது முறை விசிலடித்துவிட்டு வந்தால்? எண் முன்னால் ஓடியிருக்கும். அம்மா ஒரு விசிலுக்குத் திறக்க மாட்டார். அடுத்தடுத்த எண்ணில் இரண்டு விசில் கேட்டால், சரி, நம் குக்கர்தான் என்று புது எண்ணைக் குறித்துக்கொண்டு திறப்பார். 32 ஆயிரத்துச் சொச்சம் எண்களுக்கு அப்பால் ஓடிவிட்டால் அந்தக் குக்கரை மறந்தே போவார், மறுபடி அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இதற்கு மேல் இழுத்தால் பருப்பு குழைந்துவிடும்.

இதுதான் 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் 1 கோடி டாலருக்கு வாங்கிய கீலாக் முறை. வேறு நிறுவனங்களின் முறைகளும் ஏறத்தாழ இதே குடும்பம்தான். ஒவ்வொரு அழுத்தலிலும் போகும் 66 எழுத்துகளில் 32 கலக்கப்பட்டவை. அதில் ஒன்று இரைச்சலில் புரண்டாலும், கலக்கலைப் பிரிக்கும்போது மொத்தமும் குப்பையாகும். இங்கே பல்பு இன்னொரு வேலையும் செய்கிறது. மலிவான பல்புகளின் இரைச்சல் சீராக இருக்காது, மின்னோட்டத்தின் தாளத்தில் விநாடிக்கு 120 முறை ஏறி இறங்கும். எட்டு மில்லிவிநாடிக்கு ஒரு தடவை ஓர் உச்சம். ரிமோட் தன் செய்தியைச் சொல்லி முடிக்க ஏறத்தாழ 90 மில்லிவிநாடி தேவை. அதற்குள் பத்துப் பதினோரு உச்சங்கள் வந்து போகும். 66இல் ஒன்றைக் கெடுக்க அது தாராளம்.

கைபேசிச் செயலி மட்டும் ஏன் வேலை செய்கிறது என்பதற்கும் விடை இங்கேதான். அது ஸ்மார்ட் என்பதால் அல்ல. அது வைஃபையில் வேறு அலைவரிசையில் போகிறது, முக்கியமாக, பதில் கேட்கிறது. 'வந்ததா?' 'வரவில்லை.' 'இந்தா மறுபடி.' கராஜ் ரிமோட்டுக்குக் காதே கிடையாது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது, நாம்தான் கதவைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். சிக்பீ, இசட்-வேவ் போன்ற வீட்டுத் தானியங்கி முறைகளும் பதில் கேட்பவைதான். அவை இரைச்சலை வென்றுவிட்டதாக விளம்பரங்கள் சொல்லும். உண்மையில் அவை அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதுவும் நல்ல குணம்தான், ஆனால் மந்திரம் அல்ல.

என்ன செய்யலாம்

முதலில், ஓப்பனரிலிருக்கும் எல்லா பல்பையும் கழற்றுங்கள், கராஜின் மற்ற எல்இடி விளக்குகளையும் அணையுங்கள். இப்போது டிரைவ்வே முனையிலிருந்து கதவு கேட்டால், ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக் குற்றவாளியைப் பிடிக்கலாம். வேறு பிராண்ட் எல்இடி மாட்டினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். கராஜுக்கென்றே இரைச்சல் குறைத்த பல்புகளும் கூடுதல் விலைக்குக் கிடைக்கின்றன. அதாவது, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய பாகத்தைப் போட்டதற்குத் தனிக் காசு. பழைய இழை பல்பு எங்காவது பரணில் கிடந்தால் அதுவே உத்தமம். ஒரு நாளில் சில நிமிடம் எரியும் விளக்கில் எல்இடி மிச்சம் பிடிக்கும் மின்சாரம், வெட்டியாக வாங்கிய அந்தப் புது ரிமோட்டின் விலையை ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்பு நிரபராதி என்றால், ரிமோட்டோடு ஓப்பனருக்கு நேர் கீழே நின்று அழுத்துங்கள். அங்கேயும் கேட்கவில்லையென்றால் அது இரைச்சல் அல்ல. லாக், பேட்டரி, அல்லது எண் மறந்துபோன கேஸ். மறுபடி அறிமுகம் செய்துவையுங்கள். அங்கே கேட்டு, தள்ளிப் போகப் போக மறுத்தால் எங்கோ மிக்ஸி ஓடுகிறது. வீட்டு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கலாம், ஓப்பனருக்கு மட்டும் தனி பேட்டரி மின்சாரம் கொடுத்துவிட்டு. கையில் வேலை இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் டிவி பார்க்க வந்த யுஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கலாம். அதன் சில்லு பொதுவான ரேடியோவாகவும் வேலை செய்யும் என்று 2012 வாக்கில் பொழுதுபோக்காளர்கள் கண்டுபிடித்தார்கள். 315 மெகாஹெர்ட்ஸில் மடிக்கணினித் திரை பளிச்சிடுவதைப் பார்த்தால் எதிர்வீட்டுக் குற்றவாளிகூட அகப்படுவார். நார்த் ஓம்ஸ்டெட்டை நினைவில் வையுங்கள்: எல்லா பிரேக்கரையும் இறக்கியும் இரைச்சல் நிற்கவில்லையென்றால் பேட்டரியில் ஓடும் எதையாவது தேடுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க இசட்-வேவ் கருவிகள் 908 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவில் அதே முறைக்கு 865ஐ ஒட்டித்தான் இடம். இங்கே வாங்கிய ஸ்விட்சும் சென்னையில் வாங்கிய பெட்டியும் ஒன்றையொன்று கேட்கவே கேட்காது, பல்பைக் கழற்றினாலும் கேட்காது. கார்ச் சாவி, கேட் ரிமோட் எல்லாம் அங்கே பெரும்பாலும் 433.92. ஜோடியாக வாங்கினால் ஜோடியாகவே எடுத்துப்போங்கள் என்றும் சொல்ல மாட்டேன். உரிமம் தேவைப்படாத அலைவரிசை அங்கே வேறு.

கடைசியாக, தூரத்தைக் கூட்டித் தருகிறோம் என்று விற்கும் ஆண்டெனா பூஸ்டர்கள். ஓப்பனர் தலையிலேயே மாட்டும் பூஸ்டர் ரிமோட்டையும் பெருக்கும், பல்பையும் பெருக்கும். விகிதம் அப்படியே இருக்கும், உங்கள் டாலர்தான் குறையும். ஆண்டெனாவைக் கேபிள் போட்டு பல்பிலிருந்து நாலைந்து அடி நகர்த்தினால் பலன் உண்டு. பெருக்கியதால் அல்ல, தள்ளி வைத்ததால். புது ஸ்மார்ட் ஓப்பனரை மாட்டச் சொல்லி யாராவது வந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள். அதன் வயிற்றிலும் பல்புக்குத் திருகுத் துளை இருக்கலாம். பழைய பல்பை அதில் மாட்டினால் அதுவும் டிரைவ்வே முனையில் காது கேட்காதது போல் நிற்கும்.